எதிர்க்கரையில் எட்டு மணி

அளவம்மா குடையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் குனிந்து பலகையைப் பார்ப்பார். மழையும் வெயிலும் இல்லாத நாளிலும் கையில் குடை உண்டு. ஆற்றின் எதிர்க்கரையில், அடுத்த நாட்டுக்காரர்கள் நட்டிருக்கும் அளவுப் பலகையின் அருகே ஒரு மஞ்சள் குடை பதிலுக்கு உயரும். பத்தொன்பது வருஷமாக இந்த மரியாதை நடக்கிறது. இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவே ஆறு ஓடுகிறது. ஆற்றின் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது.

கரையிலிருந்து தண்ணீர்வரை சிமென்ட் படிகள். படிகளின் ஓரமாக இரும்புத் தூண்களில் வெள்ளைப் பலகைகள், அவற்றில் கறுப்புக் கோடுகள். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவருடைய வேலை. கேட்பவர்களுக்கு, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஆறு எந்தக் கோட்டிலும் நின்று கொடுப்பதில்லை. பத்து அலை ஏறி இறங்குவதைப் பொறுமையாகப் பார்த்து, நடுவை எடுப்பார். ஒருமுறை நோட்டு தண்ணீரில் விழுந்து பிழைத்ததிலிருந்து அதை மேலே அறையிலேயே வைத்துவிட்டு வருகிறார். எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே முப்பத்திரண்டு படி ஏறுவார். அந்த நேரத்தில் வீடு தீப்பற்றினாலும் திரும்ப மாட்டார். குடும்பக் கணக்கெடுக்க வந்தவர் படியில் மடக்கி வயதைக் கேட்டபோது, "ரெண்டு நாப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் இயந்திரம். கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருப்பார். "நான் எடுக்கற அளவு தப்பினா சட்டை கெடும். இவ அளவு தப்பினா ரெண்டு நாடு கெடும்" என்பது அவர் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் பேச்சு. மஞ்சள் குடைக்குச் சம்பந்தியம்மா என்று பெயர் வைத்ததும் அவரே. "ஒரு நாள் அணை வந்துச்சுன்னா ரெண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே கரண்டு. அப்புறம் சம்பந்தி இல்லாம வேற யாரு?" மஞ்சள் குடைக்குக் கீழே இருப்பது ஆணா பெண்ணா என்று அளவம்மாவுக்கு முதலில் தெரியவில்லை. உட்காரும்முன் உடையைப் பின்னால் கையால் ஒதுக்கிக்கொள்ளும் விதத்தைப் பார்த்துப் பெண்தான் என்று முடிவு செய்தார்.

அணை கீழே, மலை இடுக்கில் வரவேண்டும். இரண்டு நாடுகளும் சேர்ந்து கட்டுவதாகப் பேச்சு. எத்தனை மின் இயந்திரம் வைக்கலாம், வறண்ட மாதங்களில் எத்தனை ஓடும் என்று கணக்குப் போட, இரண்டு கரை நோட்டுகளும்தான் ஆதாரம். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் மட்டும் ஒத்துவராது. இங்கே ஒன்பது அடிக்கும்போது அங்கே எட்டு. அளவை ஒரே நேரத்தில் எடுக்கலாமே என்று கூட்டுக்குழுவில் யாரோ சொல்லப்போய், யாருடைய கடிகாரப்படி என்பதிலேயே இரண்டு கூட்டம் போயிற்று. கடைசியில் அவரவர் எட்டு மணிக்கு அவரவர் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'காலை 8 மணி' என்று அச்சடித்தே வரும்.

சில மாதங்களுக்கு முன் அணைத் திட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் இன்ஜினியர் வந்தார். அறையில் இருந்த ஒரே நாற்காலியை அளவம்மா துடைத்துப் போட்டார். அந்தப் பெண் உட்காராமல், இரண்டு நாட்டு எண்களையும் மேஜையில் விரித்தார்.

"அக்கா, ரெண்டு பக்கத்து எண்ணும் ஒரு புள்ளி பிசகாம ஒண்ணா இருக்கு. அவங்க உங்களுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு எடுக்கறாங்க. மேல சின்ன மின் நிலையத்துல காலைல தொறந்துவிடற தண்ணி அதுக்குள்ள இங்க வந்துடும். அவங்களுது ஒரு சாணாவது கூட இருக்கணுமே?"

முதல் ஐந்து மாதம் அப்படித்தான் இருந்திருக்கிறது. பிறகு ஒரு தேதியிலிருந்து இரண்டும் ஒரே எண். அன்று தொடங்கித்தான் எதிர்க்கரை ஆள் நம் எண்களைப் பார்த்து எழுதுகிறார் என்று இங்கே அலுவலகத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். அங்கேயும் இதையே திருப்பிச் சொன்னார்களாம். இரண்டு பக்க நோட்டுகளையும் தள்ளிவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும். எதிர்க்கரை ஆளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் போகப்போகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பெண், "உங்களுக்கு ஒண்ணும் வராதுக்கா, பயப்படாதீங்க" என்று ஆறுதலும் சொன்னார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது அளவம்மாவுக்குக் கைவந்த விஷயமும்கூட. ஆனால் அன்று அவர் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"மேடம், நோட்டுல தண்ணி பொய்யில்ல. மணிதான் பொய்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

"நான் ஒம்பதுக்குத்தான் எறங்குவேன். அந்தம்மா வர்ற நேரம் அது. அங்க அப்ப எட்டு. நோட்டுல எட்டுன்னு இருக்கு. சரி, அந்த எட்டுன்னு வச்சுக்கிட்டேன்."

வேலைக்குச் சேர்ந்த வருஷம் எட்டு மணிக்கு ஆற்றங்கரையில் ஈ காக்கை இருக்காது. பாசி பிடித்த படி. வழுக்கி விழுந்தால் போய்ச் சொல்லக்கூட ஆள் கிடையாது. ஒரு நாள் கணவருக்குக் காய்ச்சல். அவரைக் கவனித்துவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக ஓடி வந்தார். எதிரே ஒருவர் குனிந்திருந்தார். நிமிர்ந்தவர், இவரைப் பார்த்ததும் குடையைத் தூக்கினார். மறுநாளும் அளவம்மா ஒன்பதுக்கே இறங்கினார்.

இன்ஜினியர் அந்த வருஷத்து நோட்டைப் புரட்டி, எண்கள் ஒன்றாகத் தொடங்கிய தேதியைக் காட்டினார். வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டதில், காய்ச்சல் அடித்த நாள் கணவருக்குப் பசுமையாக நினைவிருந்தது. கல்யாணச் சட்டை ஒன்றைக் காய்ச்சலோடு வெட்டிக் கையை மாற்றி வைத்துவிட்ட நாள் அது. அவரால் எப்படி மறக்க முடியும்? தேதி ஒத்துப்போயிற்று. அந்தப் பெண் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். சிறிது நேரம் சிரித்தார். "ரெண்டு கவர்மென்ட்டும் உக்காந்து பேசியும் முடியாததை நீங்க குடையாலயே முடிச்சிருக்கீங்கக்கா" என்றார்.

எதிர்க்கரைக்குப் போக வேண்டிய கடிதம் போகவில்லை. நோட்டுகள் பிழைத்தன; ஒரே நொடியில் இரு கரையிலும் எடுத்த அளவு என்று அவற்றுக்கு மதிப்புக்கூடக் கூடிவிட்டது. அளவம்மாவுக்கு மட்டும், நேரத்தைத் தவறாகக் குறித்ததற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கணவர் அதை நாடாவால் நீளம் அகலம் அளந்து பார்த்துவிட்டு, "பத்தொன்பது வருஷத்துக்கு இது கொஞ்சம் சின்னது" என்றார். அன்று வீட்டில் வெகுநேரம் சிரிப்பு ஓயவில்லை.

அணை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. வந்தால் இரண்டு பலகைகளும் ஆழத்தில் முழுகிவிடும் என்பது அளவம்மாவுக்குத் தெரியும். "அப்ப மேல ஒரு பலகை நடுவாங்க. அதைப் பாக்கவும் ஆள் வேணும்ல" என்பார். புது நோட்டில் மணியைக் குறிக்க, இந்தக் கரைக்கு ஒன்று அந்தக் கரைக்கு ஒன்று என்று இரண்டு கட்டங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று காலை ஒரே பனிமூட்டம். எதிர்க்கரை தெரியவில்லை. இம்மாதிரி நாட்களில் குடையைத் தூக்கிப் பயனில்லை. அளவம்மா குடையின் கைப்பிடியால் இரும்புத் தூணை மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் தாமதமாக, பனிக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. பிறகுதான் குனிந்தார். இங்கே மணி ஒன்பது, அங்கே எட்டு. தண்ணீர் இரண்டு மீட்டர் முப்பத்தெட்டு.