ரத்த வகை கேட்ட ஜப்பான் வீடு

எங்கள் அப்பாவுக்கு யாராவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால், முதலில் கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். ஒரு தேர்தல் சமயத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு குடை கொடுத்தார்கள். பாதி வருஷம் மழையிலேயே கழியும் ஊரில் குடையை வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

தேயிலை மூட்டைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி அவருடையது. அதாவது ஓட்டுவது அவர், லாரி தோட்டத்துடையது. மலைச்சரிவில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு, தராசுக்குப் பக்கத்திலேயே நின்று யார் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். எடையைக் கணக்கில் எழுதும் கிராணிக்கு அது பிடிக்காது. அப்பாவுக்குக் கிராணியைப் பிடிக்காது.

அந்தச் சந்தேகக் குணம் எனக்கு அப்படியே வந்திருந்தது. பத்து வயதில் நான் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் மீதிச் சில்லறையை மூன்று முறை எண்ணுவேன். அக்கா அம்மா மாதிரி. யார் சிரித்தாலும் பதிலுக்குச் சிரிப்பாள். இவள் எப்படிப் பிழைக்கப் போகிறாளோ என்று நானும் அப்பாவும் அவ்வப்போது கவலைப்பட்டுக்கொள்வோம்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜப்பானிலிருந்து உபகாரச் சம்பளம் வந்தது. அக்கா அப்போது தானா ராத்தா டவுன் பள்ளியில் படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்தாள். அங்கே பாடம் நடத்தும் சிக்கு ஒருவர் தூண்டிவிட, விண்ணப்பம் போட்டு, கோலாலம்பூர் வரை போய் நேர்முகத் தேர்வும் முடித்து வந்திருந்தாள். அப்பா அதை ஏதோ பேச்சுப்போட்டி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்து மாதம் ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கி அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் படிக்கலாம் என்று கடிதம் வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு விசாரணையே நடந்தது.

"பிளேன் டிக்கெட்டு?"

"அவங்களே தர்றாங்கப்பா."

"தங்குறதுக்கு, சாப்பாட்டுக்கு?"

"அந்தக் குடும்பமே பாத்துக்கும்."

"அதுக்கு அவங்களுக்கு மாசம் எவ்ளோ குடுப்பாங்க?"

"ஒன்னும் குடுக்க மாட்டாங்க. அவங்களா ஆசப்பட்டு வச்சிக்கிறாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"கைச்செலவு?"

அதற்கும் மாதாமாதம் தருவார்கள் என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அது காலையில்தான் துடைத்த மோட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த ஜப்பான் வீட்டு அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சிக்கு அதையும் கூடவே பூர்த்தி செய்ய வேண்டிய சில போராங்குத் தாள்களையும் அச்சடித்துக் கொடுத்திருந்தார். அக்கா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், நாய் என்றால் பயமா, குளிர் தாங்குவாயா என்றெல்லாம் அந்த அம்மா கேட்டிருந்தார். அடுத்த வரியையும் அக்கா அதே உற்சாகத்தோடு சொன்னாள். "ஒன்னோட ரத்த வகை என்ன? எங்க வீட்டுல எல்லாருக்கும் ஏ. வீட்டுக்காரருக்கு மட்டும் பி."

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நன்றாகக் கேட்டது.

"ரத்தம் அவங்களுக்கு எதுக்கு?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. சும்மாதான் கேக்குறாங்க போல."

சும்மா என்ற வார்த்தையை அப்பாவிடம் சொல்லக்கூடாது. போராங்குகளை வாங்கி ஒவ்வொன்றாக விளக்கச் சொன்னார். அதில் ஒன்று மருத்துவச் சம்மதம். ஆபத்தான நேரத்தில் பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை செய்ய ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. அப்பா அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

இந்த இடத்தில் நானும் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். கடிதத்தோடு ஒரு புகைப்படம் வந்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் அப்பா, அம்மா, அக்கா வயதில் ஒரு பெண், ஒரு நாய். அந்தப் பெண் மூக்கும் வாயும் மறைய வெள்ளை முகக்கவசம் போட்டிருந்தாள். முகக்கவசம் என்றால் ஆஸ்பத்திரியில் போடுவது என்று மட்டும் நாங்கள் அறிந்திருந்த காலம் அது. நான் அவள் முகத்தில் விரலை வைத்து, "இந்தப் பொண்ணுக்கு என்னமோ பெரிய வியாதிப்பா" என்றேன். அப்பா என்னை மெச்சுவது போலப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் நாலு வியாதி சொல்லியிருப்பேன். அக்கா போய்விட்டால் பாயில் பக்கத்தில் யார் படுப்பார்கள் என்ற கவலையும் அதில் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். கோலா தெர்லாவில் காய்கறி லாரி ஓட்டுபவர். உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அவர் கைத்தொலைபேசிக்கு வீடியோ வந்துவிடும். போராங்கையும் படத்தையும் பார்த்தவர், என்னையும் அக்காவையும் வெளியே போகச் சொன்னார். உள்ளே அவர் பேசியது என்ன என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருஷங்களுக்குப் பிறகுதான். "அண்ணே, ரத்த வகை கேக்குறான், ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேக்குறான், வீட்டுல சீக்காளிப் பொண்ணு இருக்கு. இன்னும் வெளங்கலையா? கிட்னிக்குத்தான் லா!" என்றாராம்.

எனக்கு அது தெரியாது. என்னுடைய கணக்குப்படி அவர்களுக்கு நாயைக் குளிப்பாட்ட ஆள் தேவைப்பட்டிருந்தது. அதை அக்காவிடம் சொல்லவும் செய்தேன். அவள் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்ட போராங்குகளும், ஜப்பான் குடும்பத்துக்குப் பெற்றோர் எழுதும் ஒரு கடிதமும் சிக்கு கையில் இருக்க வேண்டும். திங்கள் போனது, செவ்வாய் போனது. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை, போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. செவ்வாய் ராத்திரி சாப்பாட்டின்போது அக்காவே, "வேணாம்பா, நான் போகல" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் ஒரு விஷயத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது; அடுத்த கணம் என் அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

பள்ளி விடுமுறை வாரம் அது. மறுநாள் காலையில் அக்கா அம்மாவோடு கொழுந்து வெட்டப் போய்விட்டாள். நான் அப்பாவின் லாரியில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் நிறுவைக்கு எல்லோரும் வரிசையாக வந்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றி, தலையில் மூட்டையோடு, அம்மாவுக்குப் பின்னால் அக்கா. மூட்டையைத் தராசில் இறக்கிவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். கிராணி, "என்னா, புது ஆளு சேந்துருக்கு?" என்று வேடிக்கையாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் வழக்கம்போலச் சிரித்தாள்.

அப்பா அன்று தராசைப் பார்க்கவேயில்லை.

வியாழக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, போராங்குகளை நெகிழிப் பைக்குள் சுற்றி, என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போனார். எதற்கு என்று கேட்டதற்கு, "இங்கிலீசு எழுத ஆளு வேணும்" என்றார். அக்காவை விட்டுவிட்டு என்னை அழைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முதலில் போன இடம் ஒரு கிளினிக். அப்பாவுக்கு என்ன வியாதி என்று நான் பயந்துவிட்டேன். அவரோ தாதியிடம், ரத்த வகை பார்க்க வேண்டும் என்றார். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர், அன்று கையை நீட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தாதி வந்து, ஓ என்றாள்.

"எம் பொண்ணுக்கும் ஓ தான். ஸ்கூல்ல பாத்தாங்க" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏ வகை ஆளுக்குக் குடுக்கணும்னா ஓ ஆளு குடுக்கலாம்தானே?" என்று கேட்டார்.

"தாராளமா குடுக்கலாம் அங்கிள்."

அப்பாவின் முகம் தெளிந்தது. எனக்கோ எரிச்சல். அக்காவும் அவரும் ஒரே வகை என்பதில் அவருக்கு என்ன அவ்வளவு பெருமை? எனக்கும் பாருங்கள் என்று கையை நீட்டினேன். "ஒனக்கு வேணாம்" என்று சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பக்கத்திலிருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் எனக்கு ஒரு ரொட்டி சானாயும் மைலோவும் வாங்கிக் கொடுத்தார். மேசையை அவரே சட்டைக் கையால் துடைத்து, பெற்றோர் கடிதத்துக்கான தாளை விரித்து வைத்தார்.

"எழுது. பொண்ணோட அப்பாவுக்கும் ரத்தம் ஓ தான்."

எழுதினேன்.

"வயசு நாப்பத்தி மூனு. சக்கரை இல்ல, பிரஷர் இல்ல. தண்ணி போடறதில்ல, சிகரெட்டு இல்ல."

நான் பேனாவை நிறுத்தினேன். "சிகரெட்டு இருக்கேப்பா."

"இன்னியோட இல்ல. எழுது. எது வேணும்னாலும் மொதல்ல அப்பாவக் கேளுங்க. லெட்டர் போட்டா ஒடனே கெளம்பி வந்துருவாரு. பொண்ணு சின்னப் பொண்ணு, அவகிட்ட எதுவும் கேக்க வேணாம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் ஜப்பான் போக ஆசை! அதை நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, உடம்பு நன்றாக இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை என்று வேலைக்கு விண்ணப்பம் போடுவது போல எழுதச் சொல்கிறார். நான் அவருக்கு உதவலாம் என்று, அப்பா நன்றாக லாரி ஓட்டுவார் என்று ஒரு வரியை நானாகவே சேர்த்தேன். அவர் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். சம்மதத் தாளில் போடும்போது மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. நேராகச் சிக்கு வீட்டுக்குப் போய் அவர் கையில் கொடுத்துவிட்டு, அக்காவிடம் கடிதத்தைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்று எனக்கு ஆணையிட்டார்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அப்பா சிகரெட்டைத் தொடவில்லை. அம்மா இதை நம்பாமல் அவர் சட்டைப் பையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி இரண்டாவது தட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டார். அக்காவின் தொலைபேசி மணி அடித்தால் முதலில் எழுந்து நிற்பது அவராக இருந்தது. அக்காவோ கையெழுத்துக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், கடையில் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பதிலை அக்கா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஊரில் ரத்த வகையை வைத்துத்தான் ஆளின் குணத்தைச் சொல்வார்களாம். நாம் ராசி கேட்பது மாதிரி. ஓ வகை அப்பா என்று தெரிந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி, ஓ வகைக்காரர்கள் எதையும் சந்தேகப்படாத, தாராள மனசுக்காரர்கள் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். 'சந்தேகப்படாத' என்ற இடத்தில் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. படத்தில் இருந்த மகள் மகரந்த ஒவ்வாமைக்காக முகக்கவசம் போட்டிருந்தாளாம். இப்போது நன்றாக இருக்கிறாளாம், அக்காவுக்காகக் காத்திருக்கிறாளாம்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அப்பா என்னைத் தனியாக லாரிப் பக்கம் அழைத்துப் போய்க் கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

"நல்லா பாத்துப் படி. வேற ஒன்னும் கேக்கலையா?"

"இல்லப்பா."

"என்னைய வரச் சொல்லி?"

"இல்லவே இல்லப்பா."

கடைசி வரி வரை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் லாரியின் மட்கார்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஜப்பான் பார்க்க இவ்வளவு ஆசையா இந்த மனிதருக்கு என்று எனக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் போய் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

"விடுங்கப்பா. அடுத்த வருஷம் கண்டிப்பா ஒங்களையும் கூப்புடுவாங்க" என்றேன்.

மகளுக்குப் பதிலாகத் தன் கிட்னியைக் கொடுக்கத் தயாராகி மூன்று வாரம் காத்திருந்தவரைத்தான் நான் அப்படித் தேற்றிக்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.