பௌர்ணமியன்று மட்டும் படுத்துக்கொண்ட பேட்டரி

போன வருடக் கோடையில் எங்கள் திருவண்ணாமலையில் நடந்தது இது. என்னிடம் ஒரு மினி லாரி இருக்கிறது. மற்ற நாட்களில் காய்கறி லோடு. பௌர்ணமியன்று மட்டும் நண்பர்களோடு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை பக்கம் அதை நிறுத்தி, தயிர்சாதமும் நீர்மோரும் கொடுப்போம்.

லாரிக்குப் புது பேட்டரி போட்டு இரண்டு மாதம்தான். தினமும் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற வண்டி, பௌர்ணமியன்று ராத்திரி வீடு திரும்பும்போது மட்டும் அசையாது. முதல் மாதம் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். அடுத்த மாதம் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து மாட்டிக்கொண்டது. உள்ளே நெஞ்சுவலியோடு ஒருவர். கிரிவலம் வந்தவர்களே சேர்ந்து எங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்ப ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

மறுநாள் காலை, பேட்டரி விற்றவர் கடைக்குப் போய்த் தெருவே கேட்கக் கத்தினேன். "என்னா பாய், பழசுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில கட்டிட்டீங்களா?" வண்டியை விட்டுப் போங்கள், சோதித்துத் தருகிறேன் என்றார் அவர். நான் கேட்டால்தானே!

அடுத்த பௌர்ணமிக்குள் நம்பகமான பேட்டரி ஒன்று வேண்டும். ஆளாளுக்கு யோசனை. ஆம்பியர் ஜாஸ்தியா எடு என்றான் ஒருவன், வாரண்டியைப் பார் என்றான் இன்னொருவன். திருஷ்டி என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு எலுமிச்சம்பழம்கூடக் கட்டினேன்.

கடைசியில் வேங்கிக்காலில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன். முப்பது வயதுப் பெண் ஒருவர் நடத்துகிறார். புதியதைக் காட்டாமல், என் பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்துறீங்க?"

பௌர்ணமி விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "அன்னிக்கு மட்டும் வேற என்னா பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. வண்டி சும்மா நிக்கும்."

"சும்மான்னா?"

விடாமல் கேட்டார். மைக் செட், சீரியல் லைட், சாப்பாட்டில் டீசல் புகை படக்கூடாது என்று அஞ்சு மணி நேரம் அணைத்து வைக்கும் இன்ஜின், எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது.

"இன்ஜின் ஓடலைன்னா சார்ஜ் ஏறாது. எந்தப் பேட்டரி போட்டாலும் இதே கதிதாங்க. பாட்டுக்கும் லைட்டுக்கும் தனியா ஒண்ணு வெச்சுக்கோங்க."

அந்தத் தனி பேட்டரியை வாங்க பாய் கடைக்கே போனேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னுது பாய்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க கத்திட்டுப் போனதுல ரெண்டு பேர் இங்க வர்றதையே விட்டுட்டாங்க" என்றார். புது பேட்டரியை எடுத்து வைத்துக்கொண்டே, "வண்டியில பாட்டு போடுவீங்களான்னு நானும் கேக்கலையே" என்றார்.

அந்த இருவர் யாரென்று விசாரித்து, வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் நம்பினார். இன்னொருவர், பாய் சொல்லி அனுப்பினாரா என்று கேட்டுச் சிரித்தார். அவர் இன்றுவரை பாய் கடைக்குப் போகவில்லை.

அடுத்த பௌர்ணமியிலிருந்து வண்டி ஒரு தடவையும் கிளம்பாமல் நிற்கவில்லை. ஆனால் பாய் கடைத் தெருவில் லாரியைத் திருப்பும்போதெல்லாம், 'ஏன் பௌர்ணமியன்று மட்டும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடத்தில் நான் கத்தியதுதான் இன்றும் என் காதில் விழுகிறது.