நிலவைக் கேட்டுப் புறப்பட்ட பேருந்து

கடல் ஏறிச் சாலையை மூழ்கடித்ததற்குக் காரணம், ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்ததுதான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்களா, நமக்கு எதற்கு வம்பு என்று தலையை ஆட்டிவிட்டுப் போவீர்களா? அவசரப்பட வேண்டாம். அந்தப் பேருந்தில் தினமும் போய்வந்தவர்கள் தலையைத்தான் ஆட்டினார்கள்.

தீவிலிருந்து நகரத்துக்குப் போக ஒரே வழி, கடலுக்கு நடுவே கல் அடுக்கிப் போட்ட தாழ்வான சாலை. அதில் பேருந்து ஓட்ட வந்த முதல் பெண் அவள். அதற்கு முன் பால் வண்டி ஓட்டியவள். முன்கண்ணாடியைத் துடைக்காமல் சாவியைத் திருகமாட்டாள். குளிர் விட்டு, பகலும் இரவும் சமமாகும் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பௌர்ணமியை ஒட்டி ஒரு காலையில் வண்டி பாதி வழி போனதும், முன்னால் சாலையைக் காணோம். தண்ணீர்தான். மருத்துவமனையில் துப்புரவு செய்கிறவர்களும் தையல் ஆலைக்குப் போகிறவர்களும் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தாமதமாகப் போனவர்களுக்குப் பாதி நாள் கூலி போயிற்று.

“பொம்பள கை பட்ட ஸ்டியரிங். வேற என்ன ஆகும்?” என்றார் பின் இருக்கைக்காரர் ஒருவர்.

டிப்போ மேலாளரும் அதையே சொன்னார். “நீ வந்ததுலேருந்து இப்படித்தாம்மா. இன்னும் ஒரு தடவை வண்டி நின்னா, உன்னை வண்டி கழுவுற பக்கம் மாத்திடுவேன்.”

“நின்னது வண்டி இல்ல சார், ரோடு.”

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்கும், ஆறு மாதம் முன்பு பழைய ஓட்டுநரும் இதே இடத்தில் நின்றிருக்கிறார். அப்போது ‘கடல் பொல்லாதது’ என்றார்கள். ஆண் ஓட்டினால் கடலின் குற்றம். பெண் ஓட்டினால் கையின் குற்றம். என்ன நியாயமோ!

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மனசும் அதற்கு வளைந்துகொடுக்கும். அன்று மாலை அடுக்களையில் உட்கார்ந்து அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி ஆசிரியையான நாத்தனார் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, ரேகை பாக்குறீங்களா?”

“என் ராசி எங்க இருக்குன்னு தேடுறேன், டீச்சரம்மா.”

“அது கிடைக்காது. இந்த மாவைப் பிடிங்க. இதுதான் பூமி. நிலா இந்தப் பக்கம் இருந்து இழுக்குது. கிட்ட இருக்கிற தண்ணியை அதிகமா இழுக்கும். நடுவுல பூமியைக் கொஞ்சம் கம்மியா. அந்தப் பக்கத் தண்ணியை இன்னும் கம்மியா. இப்ப என்ன ஆகும்?”

மாவு அவள் கையில் நீண்டது. “ரெண்டு பக்கமும் நீட்டிக்குது.”

“அந்த ரெண்டு மேட்டுக்குள்ளயும் பூமி சுத்தி வருது. அதான் நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி ஏறுது.”

“சூரியன் சும்மா இருக்குமா?”

“அதுவும் இழுக்கும். ரொம்ப தூரம், அதனால நிலாவோட பலத்துல பாதிகூட வராது. ஆனா அமாவாசை, பௌர்ணமியில மூணும் ஒரே கோட்டுல வந்துடும். மாமியாரும் நாத்தனாரும் ஒண்ணு சேர்ந்த மாதிரி. அரை நிலா அன்னைக்கு ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க, மருமக தப்பிச்சா.”

“இந்த வீட்ல அரை நிலாவே வர்றதில்லை,” என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். “ஆனா இந்த மாசம் மட்டும் ஏன் ரோடு வரைக்கும் வருது?”

“பூமி சாஞ்சபடியே சூரியனைச் சுத்துது. நம்ம பக்கம் சூரியனைப் பாத்துச் சாஞ்சா வெயில் காலம், விலகிச் சாஞ்சா குளிர் காலம். நடுவுல வருஷத்துக்கு ரெண்டு தடவை சூரியன் பூமியோட நடுக்கோட்டுக்கு நேரா வரும். பகலும் ராத்திரியும் சமம். அப்பதான் அதோட இழுப்பு முழுசா சேரும்.”

“அப்ப ஆறு மாசம் முன்னாடி பழைய டிரைவர் நின்னதும் அதனாலதான்,” என்றாள் அவள் மெதுவாக. கைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாளே வண்டிக் கதவில் அட்டை தொங்கியது: ‘அமாவாசையன்று காலை வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படும்.’ அமாவாசை வந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். சாலை காய்ந்து கிடந்தது. வழக்கமான நேரத்துக்கும் தண்ணீர் வரவில்லை.

“நிலாவும் உன் பேச்சைக் கேக்கலியே தாயி,” என்றார் பின் இருக்கைக்காரர். வண்டி முழுக்கச் சிரித்தது. இரண்டு நாள் கழித்து, வழக்கமான நேரத்தில் போனபோது, தண்ணீர் வழிமறித்தது.

அன்று மாலை நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சொல்ல மறந்துட்டேன் அண்ணி. அவ்வளவு பெரிய கடல், இழுத்த உடனே ஓடி வருமா? ஒண்ணு ரெண்டு நாள் பிந்தும். எங்க அண்ணனைக் கடைக்கு அனுப்புற மாதிரிதான்.”

மறுநாள் டிப்போவில் மேலாளர் இடமாற்ற உத்தரவோடு காத்திருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள்: “அனுப்புங்க சார், கழுவுறேன். ஆனா வர்ற பௌர்ணமி கழிஞ்ச ரெண்டாம் நாள் மட்டும் வழக்கமான வண்டியை வேற ராசியான கை ஓட்டட்டும். அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நான் ஒரு பழைய வண்டியை எடுக்குறேன். வர்றவங்க வரட்டும்.”

அவர் யோசித்தார். தண்ணீர் வராவிட்டால் தொல்லை அன்றோடு தீரும் என்று நினைத்திருக்கலாம். ஒப்புக்கொண்டார்.

அன்று பழைய வண்டியில் பாதி இருக்கை காலி. துப்புரவுப் பெண்கள் மட்டும், இன்னொரு தடவை கூலியை இழக்க முடியாததால், ஏறினார்கள். சாலையின் இருபுறமும் நீர் கல்லை நக்கிக்கொண்டிருந்தது. அவள் நிதானமாகக் கடந்து, அக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சாலை மறைந்தது. தூரத்தில், தண்ணீருக்கு முன்னால், ராசியான கை ஓட்டிவந்த பேருந்து நின்றது.

மதியம் டிப்போவில் அந்த ஓட்டுநரே நேராக அவளிடம் வந்தார். “அக்கா, என் ராசியைக் கடல் கொண்டுபோயிடுச்சு. அடுத்த தேதியைச் சொல்லுங்க.”

இப்போது தீவின் நிறுத்தத்தில் கடல் ஏறும் நாட்களுக்கென்று தனி நேரப் பலகை இருக்கிறது. அவள் இருக்கை அவளுக்கே. மருத்துவமனை அந்த நாட்களில் பணி நேரத்தை மாற்றிக்கொண்டது. தையல் ஆலை இன்னும் மாற்றவில்லை, அங்கே வேலை செய்கிறவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் தெருவிலோ வேலையிடத்திலோ ‘ராசி இல்லாதவள்’ என்று பெயர் வாங்கிய ஒருத்தி இருப்பாள். அடுத்த தடவை அந்தச் சொல் காதில் விழும்போது தலையை ஆட்டாதீர்கள். அவள் வருவதற்கு முன்னால் இது நடந்ததே இல்லையா என்று கேளுங்கள். அவளுக்கும் கேட்கும்படி, சத்தமாகக் கேளுங்கள்.