அபின் தின்ற சஹன்கள்

மாத்தளையில் அபின் என்ற பேச்சே இருந்ததில்லை என்று வாப்பா அடித்துச் சொல்வார். வெள்ளைக்காரன் காலத்தில் லைசன்ஸ் கொடுத்துக் கடைகளில் விற்ற அபின், எங்கள் ஊரை மட்டும் மரியாதையாக விலகிப் போய்விட்டதாம். என் அக்காவான ராத்தா அதை நம்பவில்லை. அபின் இந்த நகரத்தை என்ன பாடு படுத்தியது என்று பள்ளிக்கூட விழாவில் வாசிக்க எழுதத் தொடங்கியிருந்தாள். கடைத்தெருப் பெரியவர்களிடம் ஆளனுப்பிக் கேட்டால், "அதெல்லாம் கொழும்புல" என்று ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"அத்தாட்சி கொண்டு வா, மேடையில வாசி. இல்லாட்டிப் பள்ளிக்கூடமும் போதும், எழுத்தும் போதும்" என்றார் வாப்பா. ராத்தா அன்று சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அவள் படிப்பை நிறுத்திவிட்டால் எனக்கு யார் கணக்குச் செய்து தருவது?

அந்த வாரம் மாமா மகளுக்குக் கல்யாணம். விருந்தில் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய செம்புத் தட்டுகளான சஹன்களைத் தெருமுனைப் பெரிய வீட்டிலிருந்து இரவல் வாங்கியிருந்தோம். கிணற்றடியில் அவற்றைப் புளி போட்டுத் தேய்ப்பது சிறுமிகளான எங்கள் வேலை. கல்யாண வீடுகளில் மாறிப் போகாமலிருக்க, சஹனின் அடியில் அதற்குரிய பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி வைப்பது எங்கள் வழக்கம். நான் தேய்த்ததில் செய்னம்பு என்றிருந்தது. அடுத்ததில் வேறு பெயர். அதற்கடுத்ததில் இன்னொன்று. ஒன்றில்கூடப் பெரிய வீட்டுப் பெயர் இல்லை.

"ராத்தா! பெரிய வீட்டாக்கள் ஊர்ச் சஹனெல்லாம் களவெடுத்து வச்சிருக்காங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கல்யாண வீடே திரும்பிப் பார்த்தது. உம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். பெரிய வீட்டு மாமி மட்டும் சிரித்தார்.

"களவில்ல புள்ள. எங்க வாப்பா அபின் கடை வச்சிருந்தவர். கையில காசு தீந்த ஆம்புளைங்க, பொண்டாட்டிட சீதனச் சஹனத் தூக்கிட்டு வந்தாங்க. சோறு திங்கிற தட்டயே குடுத்துட்டு அபின் உருண்டைய வாங்கிட்டுப் போனாங்க. இத்தன காலம் ஆரும் என்னட்டக் கேக்கல்ல."

செய்னம்பு என்றிருந்த சஹனை எடுத்து ராத்தாவின் கையில் கொடுத்தார். "இத உங்க வாப்பாட்டக் காட்டு மகள்."

வீட்டில் வாப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு, "வாசி மகள். இதையும் கொண்டு போ" என்றார்.

விழாவில் ராத்தா சஹனை உயர்த்திப் பிடித்தபடி வாசித்தாள். யார் பெயரையும் சொல்லவில்லை. கடைத்தெருப் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். முதலில் பெண்கள் பக்கம் கைதட்டியது, பிறகு மண்டபமே அதிர்ந்தது. வாப்பா எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அன்று எங்களை வெல்ல ஊரில் ஆளில்லை! அதன் பிறகு பெண்கள் தாங்களாகவே வீடு தேடி வந்து கதை சொன்னார்கள். எழுதி எழுதி ராத்தாவுக்குக் கை வலித்தது.

கண்டுபிடித்தவள் நான்தான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் செய்னம்பு யார் என்று நான் கேட்கவே இல்லை. நான் பிறக்கும் முன்பே மௌத்தாகிவிட்ட வாப்பாவின் தாயை எங்கள் வீட்டில் எல்லோரும் வாப்பும்மா என்றுதான் சொல்வார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.