செத்தாளா, செத்திருப்பாளா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தேடியிருப்பீர்கள். தேடாமலும் இருந்திருப்பீர்கள்... குளிர்ஜுரம். குற்றாலத்தில் சீஸன் என்று ஊர் உலகமெல்லாம் குளிக்க வருகிறது. பக்கத்தில் தென்காசியில் குடியிருக்கும் எனக்கு மட்டும் அந்தச் சாரல் காய்ச்சலும் இருமலுமாகவே வந்து சேருகிறது.

நான் இங்கே ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார் என்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஷல், வில், ஷுட், வுட், மே, மைட் — வருஷாவருஷம் இதே ஊர்வலம். எதை எங்கே போடுவது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். யாருக்காக இதெல்லாம்? ‘வுட்’ தெரியாவிட்டால் நெல் விளையாதா? ‘மைட்’ தெரியாவிட்டால் மாடு பால் கறக்காதா?

இப்படி அலுத்துக்கொண்டேதான் இருமலுக்கு மிக்ஸ்சர் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வராந்தாவில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. சங்கரபாண்டியன், சுந்தரபாண்டியபுரத்தில் நெல் பயிரிடுகிறவர். அவர் மனைவி கோமதிக்கு அன்று விடிகாலையில் வீட்டிலேயே தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட, வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோமதி உள்ளே. குழந்தை அவள் அம்மாவின் மடியில். கோமதியின் தம்பி வேலுவும் கூட இருந்தார். செங்கோட்டையில் மர டிப்போ ஒன்றில் வேலை. வெள்ளைக்காரர்களோடு யெஸ், நோ என்று பேசிப் பழகியவர். குடும்பத்தில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் பொறுப்பு.

அன்றைக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் லீவு. குற்றாலத்துக்கு ஓய்வெடுக்க வந்திருந்த வெள்ளைக்கார லேடி டாக்டர் ஒருவரை அவசரமாக அழைத்துவந்திருந்தார்கள். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அந்த அம்மாள் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை, களைப்புதான். “இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்...” என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, “ஷி வுட் ஹாவ் டைட்” என்று முடித்தார். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பெஞ்சில் சுருண்டு கிடந்த எனக்கே நிம்மதியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னலே சொல்லுதாவ?” என்று சங்கரபாண்டியன் கேட்டது காதில் விழுந்தது.

வேலு மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏலே, சொல்லுலே!”

“போயிட்டா அத்தான்... அக்கா போயிட்டா.”

கோமதியின் அம்மா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். நான் பதறி எழுந்தேன். வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் கோமதியின் அம்மா அழுதுகொண்டே குழந்தையை மருமகனிடம் நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

“எனக்கு வேண்டாம். அவள முழுங்கிட்டு வந்தது எனக்கு எதுக்கு? எங்கனயாவது கொண்டு போங்க.”

கூடி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். குழந்தை வீறிட்டது.

ஒருவழியாக எனக்குக் குரல் வந்தது. “அழாதீங்கம்மா! டாக்டரம்மா, ‘செத்திருப்பா’ன்னுதான் சொன்னாங்க!”

அவ்வளவுதான். அழுகை இரண்டு மடங்காயிற்று.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ‘வுட் ஹாவ் டைட்’ என்றால் செத்திருப்பாள் — அதாவது சாகவில்லை. அச்சுப் பிசகாத மொழிபெயர்ப்புதான். ஆனால் நம் ஊரில் ‘செத்திருப்பா’ என்றால் வேறு அர்த்தமும் உண்டே... ‘இந்நேரம் உயிர் போயிருக்கும்’! இலக்கணம் பார்க்கிற நேரமா அது?

“கோமதி உயிரோட இருக்கா!” என்று கத்தினேன். “வர லேட்டாயிருந்தாத்தான் ஆபத்துன்னு சொன்னாங்க. பிழைச்சுட்டா!”

ஒருவரும் நம்பவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் ஓடிவந்து, “யாருக்கு என்ன ஆச்சுன்னு இப்படிக் கூப்பாடு போடுதீங்க? அவ கண் முழிச்சுப் பிள்ளயக் கேக்கா” என்று அதட்டிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

வேலு தூணோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். “டைட்னு கேட்டுச்சே சார்வாள்... நடுவுல ரெண்டு வார்த்த வந்துச்சு. அதுக்குப் பொறவு எனக்கு ஒண்ணுமே ஓடல.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை என்னவென்று குறை சொல்வது? பயந்தவன் காதில் ‘வுட்’ எங்கே விழும்? ‘டைட்’ மட்டும்தான் விழும்.

சங்கரபாண்டியன் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. மாமியார் கையிலிருந்த குழந்தையைப் பார்ப்பதும், கீழே பார்ப்பதுமாக நின்றார். நான் மிக்ஸ்சரோடு கிளம்பும்போது வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

“சார்வாள், நான் சொன்னது... அவட்ட சொல்லிராதீய.”

நான் ஏன் சொல்கிறேன்? ஆனால் வராந்தா முழுக்கக் கேட்ட பேச்சு ஒரு சுவரைத் தாண்டாதா என்ன?

அந்த மிக்ஸ்சரிலும் இருமல் விடவில்லை. மறுபடி போனபோது சங்கரபாண்டியன் என்னைப் பிடித்துக்கொண்டார். கோமதி என்னைப் பார்க்க வேண்டும் என்றாளாம். உள்ளே கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளுத்துப்போன முகம். மடியில் குழந்தை.

எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

“பிள்ள வேண்டாம்னு சொன்னியளாமே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“சொல்லியிருக்கக் கூடாது, கோமதி” என்றார் கடைசியில்.

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மன்னிப்பாளா, மாட்டாளா என்று எனக்கே தெரியவில்லை.

“நான் இல்லன்னா வேண்டாம்னிய. நான்தான் இருக்கேன்லா?” என்றாள். “இந்தாங்க, பிடிங்க. எனக்குக் கை கடுக்கு.”

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கினார்.

அங்கே மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை — இருமிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.