மூன்றாவது மிதி

அம்மா வயிற்றிலிருந்து நான் கால் முதலில் வந்தவளாம். அதனால் என் கால் பட்டால் சுளுக்கு போய்விடும் என்று மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்க நம்பிக்கை. உலை கொதிக்கும் நேரத்தில்கூட யாராவது நொண்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். எரிச்சலாக வரும். ஆனால் முடியாது என்று சொல்லவும் மாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் என் கணவரின் அக்கா காட்டுப்பாக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வெகுநாளாக மூச்சிழுப்பு. எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த குட்டி வெள்ளை மாத்திரையை, அந்தப் பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கி வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தார். போட்டால் இழுப்பு நிற்கும். முகம் வேறு உருண்டையாகிவிட்டது. "பூசினாப்ல ஆயிட்டீங்க அண்ணி" என்று நானே திருஷ்டி வழித்து நெட்டி முறித்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவருடைய வலது கணுக்கால் வீங்கியிருந்தது.

"எங்கியாவது வுயுந்தீங்களா?"

"வுயவும் இல்ல, தடுக்கவும் இல்ல. ரெண்டு நாளா வலிச்சிகினு இருந்துச்சு. சுளுக்காத்தான் இருக்கும். நீ கால வையேன்."

நாற்காலியில் உட்காரவைத்து, காலை மணைமேல் நீட்டச் சொன்னேன். மூன்று தடவை மெல்ல மிதிப்பதுதான் வழக்கம். மூன்றாவது மிதியில் 'டக்' என்று ஒரு சத்தம். "சுளுக்கு எட்த்துகிச்சு" என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். நானும்தான். அண்ணி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. அம்பத்தூரில் எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு முறிந்திருக்கிறது. எங்கே விழுந்தீர்கள் என்று டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

"இத வருஷக்கணக்கா சாப்பிட்டா எலும்பு உளுத்துப் போயிடும்மா. விழணும்னே இல்ல, சும்மா நடந்தாக்கூட முறியும். அதுக்காக சட்டுனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். இது முன்னாடியே விரிசல் விட்டிருக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விழாமல் எலும்பு முறியுமா? மூச்சுக்குப் போட்ட மாத்திரை காலுக்கு எப்படிப் போகும்? முன்பே விரிசல் என்றால் அந்த 'டக்' என்ன? நான் மிதித்ததை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயே வரவில்லை. என் கணவரும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அண்ணி, "தண்ணித் தொட்டியாண்ட வழுக்கிகினேன்" என்றே சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தோன்றும். அவர் நல்லவராக இருக்க இருக்க எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால்தான் என்ன? அதன்பின் சுளுக்கென்று வந்த யாருக்கும் நான் கால் வைக்கவில்லை.

மாவுக்கட்டு பிரித்த மறுவாரம், தாங்காமல் கேட்டுவிட்டேன். "அண்ணி, நான்தான் ஒடச்சேனா?"

அவர் புடவையைச் சற்றுத் தூக்கி இடது காலைக் காட்டினார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"முந்தாநாள்லேர்ந்து இதுவும் வலிக்குது. வுயவும் இல்ல, நீ மிதிக்கவும் இல்ல. மனச கொயப்பிக்காத."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வீங்கிய அந்தக் காலைப் பார்த்துக்கொண்டேதான் அப்பாடா என்றிருந்தது.