முட்டைகளின் சொகுசுப் பயணம்

ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேம்பிங் டிரெய்லர் ஒன்றை என் கணவர் வாங்கினார். அன்றோடு போயிற்று என் நிம்மதி. முதல் தடவை பொன்முடி மலை ஏறியபோது டிரெய்லர் குதித்த குதியில் அதில் வைத்திருந்த முட்டையெல்லாம் உடைந்து மெத்தையில் ஊறிவிட்டது. மறுநாளே அதற்கு ஷாக் அப்சார்பர் மாட்ட, கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்.

மாட்டி முடித்த மெக்கானிக் ஜீப்புக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"சாரே, ஜீப்போட ஷாக்கும் போயாச்சல்லோ. அதையும் மாத்தட்டா?"

"அது கெடக்கட்டும். நமக்குப் பழகிப்போச்சு" என்றார் இவர். அந்த 'நமக்கு'வில் இருந்த என்னை யாரும் கேட்கவில்லை.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டு உடைத்துவிட்டு மறுபடி பொன்முடிக்குக் கிளம்பினோம். டிரெய்லருக்குப் பயந்து முன்பு ஊர்ந்து போனவர், இப்போது எந்தப் பள்ளத்துக்கும் பிரேக் போடவில்லை. கொண்டையூசி வளைவுகளில் என் தலை ஜீப்பின் மேல்கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஓடிப்போய் டிரெய்லரைத் திறந்தார். "பாத்தியா, ஒரு முட்டைகூட ஒடையல்ல, கேட்டியா!"

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றேன்.

"மலை எறங்கும்போது முட்டைய ஜீப்புல முன்னால வையுங்க. நான் டிரெய்லர்ல வாறேன்" என்றேன்.

அவர் உண்மையாகவே கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ முட்டை ஒடைஞ்சிருமே" என்றார்.